ஐந்நூற்றுப் பன்னிரண்டு புன்னைக்காய்

1

மணல் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஊர் தெரியவில்லை. தென்னைகளுக்கு மேலே கோயில் சிலுவை மட்டும் தெரிந்தது. பிறகு நடந்தேன். கோட்டாறு போய்ச் சேர ஐந்து மணி நேரமாவது ஆகும். முந்தின நாள் மாலை குடித்த கஞ்சிதான் வயிற்றில் இருந்தது. தோளில் ஒரு சாக்கு. சாக்குக்குள் காய்ந்த புன்னைக்காய், ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

ஒரு காய் என்றால் ஓர் ஆள். இந்த ஊரில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடும் கூட்டம் ஒன்றை ஏற்படுத்தினால் ஊர் அதைத் தாங்குமா என்று கேட்டிருந்தோம். அதற்கு ஊரார் சொன்ன பதில் அந்தச் சாக்கு. ஐந்நூறுக்குக் குறையாமல் இருந்தால் தாங்கும். குறைந்தால் தாங்காது. என் முதலாளி வைத்த அளவு அது.

அந்த ஊரின் நல்ல ஆட்டக்காரன் சூசை என்ற கட்டுமரக்காரன். ஐந்நூறு தேறினால் அவன் மாதச் சம்பளத்துக்குப் பந்தடித்துக் கரையில் இருப்பான். தேறாவிட்டால் கடலுக்குப் போவான். சாக்கைப் பிரிக்காமல் அப்படியே முதலாளி கையில் கொடுத்துவிடுவதாக அவன் மனைவி ரோசம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்தச் சொல்லும் சாக்கோடு சேர்ந்து தோளில் இருந்தது.

2

இது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் இப்போது இலங்கையில், கண்டியில் இருக்கிறேன். ஓர் இரும்புக் கடையில் கீல், தாழ்ப்பாள், ஆணி எல்லாம் எண்ணிக் கொடுக்கும் வேலை. வருஷத்தில் பாதி நாள் மழை. ஈரத்தில் ஆணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்துப் பிரித்து எண்ண வேண்டும். விரல் நுனியில் துரு ஏறி, சோறு தின்னும்போதும் அந்த வாசம் வரும். இதற்கு முன் தேயிலைத் தோட்டம், ரயில் பாதை, கொழும்புத் துறைமுகம் என்று பல இடங்களில் இருந்துவிட்டேன். ஓரிடத்தில் மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் இருந்தது இங்கேதான்.

போன வாரம் அரசாங்கத்து ஆள் ஒருவர் காகிதக் கட்டோடு வீட்டு வாசலுக்கு வந்தார். பெயர் கேட்டார். எழுதினார். பிறந்த ஊர் கேட்டார். தக்கலைக்குப் பக்கம் என்றேன். அப்படி ஒரு பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. மூன்று முறை சொன்னேன், மூன்று விதமாக எழுதினார். பிறகு வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"நாலு" என்றேன்.

என் மனைவி பார்வதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் தோட்டத்தில் பிறந்தவள். இந்தியாவைப் பார்த்ததில்லை. "எவளைச் சேத்து நாலு?" என்றாள்.

அதற்குள் என் மகன் முன்னால் வந்து, "துன்தெனெக்" என்றான். சிங்களத்தில் மூன்று பேர் என்று அர்த்தம். அவனுக்கு எட்டு வயது. தமிழில் பேசினால் பாதியில் நின்று வார்த்தை தேடுவான். சிங்களத்தில் தேட மாட்டான். வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகன் சொன்னதை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று இரண்டு வேளை பார்வதி என்னோடு பேசவில்லை. நாலு என்று ஏன் சொன்னேன் என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதை இங்கே எழுதியும் வைக்கிறேன்.

3

நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. எண்ண மட்டும் நன்றாக வரும். பத்தொன்பது வயதில் ஒரு நாடகக் கம்பெனியோடு சுற்றினேன். திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து எத்தனை தலை என்று சொல்வேன். டிக்கெட்டு அடிக்கட்டையைப் பார்த்தால் அதே எண் இருக்கும். கம்பெனி கலைந்த பிறகு கோட்டாற்றில் கொப்பரை வியாபாரம் செய்த அசனார் முதலாளியிடம் மூட்டை எண்ணும் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவர் ஒருமுறை சரக்கு விஷயமாகக் கல்கத்தா போய் வந்தார். வந்தவர் கொப்பரையைப் பற்றிப் பேசவில்லை.

"ஏலே தாணு, அங்கே பந்தடிக்கதைப் பாக்கதுக்கு டிக்கெட்டு வாங்கிட்டு நிக்கானுவ. மழையில நனைஞ்சிட்டு நிக்கானுவ. நாடகக் கம்பெனி மாதிரி நாமளும் ஒரு பந்துக் கம்பெனி வச்சா என்ன? பதினோரு பேருக்கு மாசச் சம்பளம். சுத்தி ஓலைவேலி."

"எந்த ஊரில மொதலாளி?"

"அதைப் பாக்கதுதான் உன் சோலி. எந்த ஊரு தாங்கும்னு பாத்துட்டு வா. வந்தவனை எண்ணாத. வேடிக்கை பாக்க எவனும் வருவான். கடைசி வரைக்கும் நின்னவனை எண்ணு."

அதற்கு வழியும் அவரே சொன்னார். ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்து தமுக்கடித்து அறிவிக்க வேண்டும். ஊரில் சம்பளக் கூட்டம் வேண்டும் என்பவர் ஆட்டம் முடிந்து போகும்போது, ஆடியவரானாலும் பார்த்தவரானாலும், ஆளுக்கொரு புன்னைக்காயைக் கூடையில் போட வேண்டும். எங்கள் பக்கம் புன்னை இல்லாத தெரு இல்லை. யாரும் பொறுக்கி வரலாம்.

நாகர்கோவிலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மதிலில் ஏறி நின்றார்கள், மரத்தில் தொங்கினார்கள். ஆட்டம் தொடங்கிக் கல்லூரி அணி இரண்டு கோல் வாங்கியதும் மதில் காலியானது. "அதான் தோத்தாச்சே, இனி எதுக்கு நிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் காப்பிக் கடைக்குள் நுழைந்தார். கூடையில் முந்நூற்று எண்பது.

தக்கலையில் சந்தை நாளில் ஆட்டம் வைத்தேன். கோழியும் வாழைக்குலையுமாக நின்று பார்த்தார்கள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "இதுக்கும் ஒரு காய் போடலாமா ஓய்?" என்றார். கடைசி மாட்டுவண்டி புறப்பட்டபோது கூட்டமும் அதோடு புறப்பட்டது. நூற்று நாற்பது. திருவட்டாற்றில் அமைதியாக உட்கார்ந்து பார்த்தார்கள். நல்ல ஊர் என்று நினைத்தேன். கோயிலில் மணி அடித்தது. ஆட்டக்காரர்கள் உட்பட எல்லோரும் எழுந்து தீபாராதனைக்குப் போய்விட்டார்கள். திடலில் பந்தும் நானும் இருந்தோம்.

நாலாவதாகத்தான் கொளச்சலுக்கு மேற்கே இருந்த அந்தக் கடற்கரை ஊருக்குப் போனேன். ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

4

ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போகாத நாள். காலைப் பூசை முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கெல்லாம் ஊர் முழுவதும் மணலுக்கு வந்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்களோடு ஆட்டம். சுற்றிலும் உட்கார்ந்தார்கள். நான் ஒரு தென்னையடியில் உட்கார்ந்து, பழக்கத்தால் தலையை எண்ணத் தொடங்கினேன். பத்துக்கு ஒரு முடிச்சாகக் கயிற்றில் போட்டுக்கொண்டே வந்தேன்.

எண்ணும்போது ஒன்று கவனித்தேன். எல்லா ஊரிலும் தோளோடு தோள் இடித்து உட்காருவார்கள். இங்கே அங்கங்கே இடம் விட்டிருந்தார்கள். ஓர் ஆள் உட்காரும் அளவு. சில இடத்தில் இரண்டு ஆள் அளவு. குழந்தைகள் ஓடி வந்தால்கூட அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடின.

சூசையின் அணி மூன்று கோல் பின்தங்கியிருந்தது. ஒருவரும் எழவில்லை. சூசை இருபத்தைந்து வயதுக்காரன். வெறுங்காலால் மணலில் அவன் பந்தைக் கொண்டுபோவதைப் பார்த்தால், கல்கத்தாவில் மழையில் நனைந்து நின்றவர்கள் எதற்காக நின்றார்கள் என்று விளங்கியது. ஒருமுறை அவன் அடித்த பந்து கோட்டைத் தாண்டி, கடல் பக்கம் இருந்த ஓர் இடைவெளிக்குள் போய் நின்றது. இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. கை நீட்டினால் எட்டும். யாரும் நீட்டவில்லை. ஆட்டக்காரர்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

நான் எடுத்துப் போடலாம் என்று எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"இரியும். அவரு தருவாரு."

"யாரு?"

அவர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அசைந்தது. மெல்ல உருண்டு கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது. சூசை அதை வாங்கிக்கொண்டு ஓடினான். ஆட்டம் தொடர்ந்தது.

அந்தப் பக்கம் மணல் கடலை நோக்கிச் சரிந்திருந்தது. பந்து மேட்டில் ஏறி வந்திருந்தது. கடல் காற்று தள்ளியிருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பின்னால் கழியில் காயப்போட்டிருந்த வலை ஆடாமல் தொங்கியது.

5

ஆட்டம் முடிந்ததும் கூடையைத் திறந்தேன். வரிசையாக வந்து போட்டார்கள். கூட்டத்தில் நெரிசல் இருந்தது. யார் எத்தனை போட்டார்கள் என்று பார்க்க முடியவில்லை. பிறகு கோயில் முற்றத்தில் கொட்டி எண்ணினேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. கயிற்றை எடுத்து முடிச்சை எண்ணினேன். நாற்பத்தேழு முடிச்சு, உதிரி ஒன்று. ஊர் ஆட்டக்காரர்களையும் சேர்த்து நானூற்று எழுபத்தொன்று. நாற்பத்தொரு காய் அதிகம்.

ரோசம்மா ஒரு சட்டியில் கஞ்சியும் சுட்ட மீனும் கொண்டுவந்தாள். கூடவே சூசையும் வந்தான். அவள் தலைச்சுமையாக மீன் கொண்டுபோய்க் கோட்டாறு வரை விற்பவள். பேச்சில் வளைவு கிடையாது.

"அண்ணே, அஞ்ஞூறு ஆச்சா?"

"பன்னிரண்டு கூட இருக்கு."

"பின்ன ஏன் முகம் இப்பிடி இருக்கு?"

கயிற்றைக் காட்டினேன். "தலை நானூத்தி எழுபத்தொண்ணுதான். யாரோ ரெண்டும் மூணுமா போட்டிருக்காங்க."

"நானே மூணு போட்டேன். எனக்கு ஒண்ணு. மாமனாருக்கு ஒண்ணு. கொழுந்தனுக்கு ஒண்ணு."

"அவங்க வரலியா?"

"கடலுக்குப் போனாங்க. இன்னும் வரல்ல."

"எப்ப போனாங்க?"

"மாமனாரு போயி ஒம்பது வருசம். கொழுந்தன் போன மழைக்கு முந்தின மழை."

கஞ்சி என் கையில் இருந்தது. கீழே வைத்தேன். "செத்தவங்களை எண்ணச் சொல்லுதியா?"

"செத்தவுங்க கல்லறைத் தோட்டத்தில கிடக்காங்க. அவுங்களுக்கு ஒருத்தரும் காய் போடல்ல. இது வராதவுங்க."

அந்த ஊரில் அதுதான் முறை. உடல் கரைக்கு வந்தால் குழி வெட்டி, பூசை வைத்து, சிலுவை நட்டுவிடுவார்கள். அத்தோடு அவர் கணக்கு முடிந்தது. உடல் வராவிட்டால் குழி கிடையாது. குழி இல்லாதவர் ஊரில் ஓர் ஆள்தான். மீன் பங்கு வைக்கும்போது அவருக்கு ஒரு மீனாவது தனியே வைப்பார்கள். திருவிழாச் சோற்றுக்கு இலை போடுவார்கள். பந்து பார்க்க வந்தாலும் இடம் விடுவார்கள். நான் கேட்டது ஆளுக்கொரு காய். அவர்கள் சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

சூசை சிரித்தான். "பயப்படாதீரும் அண்ணே. நாளைக்கு நானும் வரல்லைன்னு வையும், உமக்கு இன்னும் ஒரு காய் கூடும்."

ரோசம்மா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

எண்ணிக்கை என்றால் என் வாய் சும்மா இராது. "கூடாது மக்கா" என்றேன். "உன் காய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். மொத்தம் அதேதான்."

அப்போது அது பெரிய பேச்சாகத் தோன்றவில்லை.

அவன் எழுந்து போன பிறகு ரோசம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இந்த வீட்டில ரெண்டு ஆளுக்கு நான் மீன் எடுத்து வைக்கேன். மூணாவது ஆளுக்கு வைக்க எனக்குத் தெம்பில்ல அண்ணே. நீங்க ஒண்ணும் கள்ளம் சொல்ல வேண்டாம். சாக்கை அப்படியே குடுத்திட்டு வாயை மூடிட்டு நில்லுங்க. அது போதும்."

சரி என்றேன். அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை விடியுமுன் கோயில் வராந்தாவில் படுத்திருந்தபோது கட்டுமரங்களைக் கடலில் தள்ளும் சத்தம் கேட்டது. மூன்று மரம். சூசை என்னைப் பார்த்துக் கையாட்டினான். "சம்பளம் வரட்டும் அண்ணே. அன்னைக்கு நிறுத்துதேன்."

6

இங்கே கண்டியில் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் மகனைக் கூட்டிக்கொண்டு போவேன். பட்டாளத்து அணிகளும் ஊர் அணிகளும் ஆடும். கடைக்கு வருகிறவர்கள், நான் பழைய கதை கொஞ்சம் சொல்லியிருப்பதால், கண்டியில் சம்பளக் கூட்டம் நிற்குமா, தெற்கே காலியில் நிற்குமா, கொழும்பில்தான் நிற்குமா என்று கேட்பார்கள். கொழும்பில் ஆள் நிறைய. கப்பல் வந்தால் கூட்டம் துறைமுகத்துக்குப் போய்விடும். காலியில் பேச்சு நிறைய. கண்டியில் மழை. ஊர் பெரிதா சிறிதா என்பது கணக்கில்லை. தன் அணி மூன்று கோல் வாங்கிய பிறகும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நான் கண்டதில் ஒரே ஓர் ஊர்தான் தாங்கும். அதைத் தாங்காது என்று சொன்னவன் நான்.

மைதானத்தில் மகன் என்னை ஒட்டித்தான் உட்காருவான். மறுபக்கம் நான் துண்டை விரித்து ஓர் ஆளுக்கு இடம் விடுவேன். "யாருக்கு அப்பா?" என்று முன்பு கேட்பான். இப்போது கேட்பதில்லை. துண்டை மிதிக்காமல் சுற்றிப் போகிறான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

7

அன்று கோட்டாற்று வழியில் இரணியல் தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. புன்னைக்காய் கனமில்லாத பொருள். ஆனால் தோள் இறங்கிக்கொண்டே போனது. நடக்கும்போது காய்கள் ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் வரும். நான் நின்றால் சத்தமும் நிற்க வேண்டும். நின்ற பிறகும் சில அடி தூரம் வந்து நின்றது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சாலையில் ஒருவரும் இல்லை. பசி என்று நினைத்தேன்.

ஒரு கால்வாய்ப் பாலத்தில் உட்கார்ந்து யோசித்தேன். முதலாளி ஓலைவேலி கட்டுவார். பதினோரு பேருக்குச் சம்பளம் பேசுவார். முதல் ஆட்டத்திலேயே நாற்பத்தொரு இடம் காலியாக இருப்பதைப் பார்ப்பார். எண்ணியவன் யார் என்று கேட்பார். எனக்கென்று இருந்த ஒரே திறமை எண்ணுவது. அதில் பிசகு என்று வந்தால் கோட்டாற்றில் எவனும் வேலை தர மாட்டான். ரோசம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அதையும் மீறித்தான் சாக்கின் வாயைப் பிரித்தேன்.

நாற்பத்தொன்று எண்ணி மடியில் போட்டேன். வாய்விட்டு எண்ணினேன். பிறகு மடியை உதறிக் கால்வாயில் கொட்டினேன். புன்னைக்காய் மிதக்கும். ஓடுகிற தண்ணீரில் அவை சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறவில்லை. கூட்டமாகவே, ஒன்றை ஒன்று விடாமல், கடல் இருக்கும் திசைக்குப் போயின. வளைவு வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிற்பகலில் கோட்டாறு போய்ச் சேர்ந்தேன். அசனார் முதலாளி சரக்கு வைக்கும் கிட்டங்கியின் வாசலில் பாயை விரித்துச் சாக்கைக் கொட்டச் சொன்னார். இருவரும் சேர்ந்து எண்ணினோம்.

"நானூத்தி எழுபது" என்றார்.

"எழுபத்தொண்ணு மொதலாளி."

மறுபடி எண்ணினோம். நானூற்று எழுபதுதான். மூன்றாவது முறை நான் தனியாக எண்ணினேன். அதே எண். பசியில் கால்வாய்ப் பக்கம் ஒன்று கூடுதலாக எடுத்துவிட்டேன் போல.

"ஒண்ணு கூடினா என்ன, குறைஞ்சா என்ன? அஞ்ஞூறு தேறல்லையே" என்றார் முதலாளி. அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "இந்த நாட்டில ஒரு ஊரும் பந்துக் கம்பெனி தாங்காதுலே. கொப்பரையே நமக்குப் போதும். மூட்டை எண்ணதுக்கு வேற ஆள் வச்சாச்சு. நீ வேற இடம் பாத்துக்கோ."

அன்று கிட்டங்கித் திண்ணையில் படுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை மீன்சந்தைப் பக்கம் போனேன். கடற்கரைப் பெண்கள் கூடைகளோடு வந்திருந்தார்கள். ரோசம்மா வரவில்லை. அவள் ஊர்க்காரி ஒருத்தி என்னை அடையாளம் கண்டு, காலுக்கிடையில் கூடையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"மூணு மரம் போச்சு. ரெண்டு வந்துது."

"சூசை?"

"இன்னும் வரல்ல."

செத்துப்போனான் என்று அவள் சொல்லவில்லை. அந்த ஊரில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கால்வாயில் போட்டது நாற்பத்திரண்டு என்றால், சூசையையும் சேர்த்துக் கணக்கு சரியாக இருக்கிறது என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. அதற்காக இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை.

இனி அந்தத் திசையில் என்னால் நடக்க முடியாது என்று தெரிந்தது. சந்தைக்கு வெளியே, ஆலமரத்தடியில், ஒரு கங்காணி இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கையில் குடை, கக்கத்தில் பேரேடு. மூட்டை முடிச்சோடு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எழுதத் தெரியுமாடே?" என்றார்.

"எண்ணத் தெரியும்."

"அது போதும். ஆரல்வாய்மொழி எல்லைச் சவுக்கையில தலைக்கணக்கு கேப்பான். கப்பல்ல ஏத்தும்போது கேப்பான். தோட்டத்து ஆபீசில கேப்பான். எல்லா இடத்திலேயும் ஒரே கணக்கு வரணும். எண்ணு பாப்போம்."

வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தேன். என்னையும் சேர்த்து நாற்பது. சொல்ல வாயெடுக்கும்போது, வேட்டியை இறுக்கிக் கட்டலாம் என்று மடிக்குக் கை போயிற்று. மடிச் சுருக்கில் விரலில் ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தேன். ஒரு புன்னைக்காய். கொட்டும்போது கால்வாயில் விழாமல் தங்கிவிட்டது.

"எத்தனை?" என்றார் கங்காணி.

"நாப்பத்தொண்ணு."

புது ஆளை அவர் நம்பவில்லை. எழுந்து, குடை நுனியால் ஒவ்வொரு தலைக்கு மேலும் காட்டிக் காட்டி எண்ணிக்கொண்டு போனார். கடைசியில் என் நெஞ்சுக்கு நேரே குடையை நீட்டினார். பிறகு எனக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, இன்னொரு முறை நீட்டினார்.

"நாப்பத்தொண்ணு. சரியாத்தான் எண்ணுதே" என்று பேரேட்டில் எழுதிக்கொண்டார். "வா, இந்த வேலை உனக்குத்தான்."